ஆங்கிலிக்கன் பள்ளியில் புதிய கல்வியாண்டு: கேள்வி பதில்

ஆங்கிலிக்கன் பள்ளிகளில் இருபத்தாறு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள், புதிதாகச் சேரும் மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் வரவேற்று வழிகாட்டும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கல்வியாண்டு தொடங்கவிருக்கும் இந்நாட்களில் வந்த கேள்விகளுக்கு, அந்த அனுபவத்தைக் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் சைவக் குடும்பம். கல்வித்தரத்தை எண்ணி மகளை ஆங்கிலிக்கன் பள்ளியில் சேர்த்துவிட்டோம். ஆங்கிலிக்கன் என்றால் என்ன என்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. மதம் மாற்ற முயல்வார்களோ என்று என் மாமியார் கவலைப்படுகிறார்.

பதில்: பதினாறாம் நூற்றாண்டில் ரோமிலிருந்து பிரிந்த இங்கிலாந்துத் திருச்சபையின் வழியில் வந்த சபைகள் அனைத்தையும் சேர்த்து ஆங்கிலிக்கன் என்கிறோம். அவற்றுள் பல கேன்டர்பரி பேராயருக்கு முதல் மரியாதை அளிக்கின்றன. ஆனால் போப்பாண்டவருக்குக் கத்தோலிக்கர்மீது உள்ளது போன்ற அதிகாரம் அவருக்கு மற்ற நாட்டுச் சபைகள்மீது கிடையாது. பேராயர், குருவானவர், அங்கி, எழுதிவைத்த ஜெபங்கள் ஆகியவற்றைப் பார்த்தால் கத்தோலிக்கம் போலத் தோன்றும்; குருக்கள் மணம் செய்துகொள்வதையும் வேதாகமத்துக்குத் தரும் முதன்மையையும் பார்த்தால் சீர்திருத்தச் சபை போலத் தோன்றும். நாம் சி.எஸ்.ஐ. என்று அறிந்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானபோது அதில் இணைந்த சபைகளுள் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று என்று சொன்னால், உங்கள் மாமியாருக்கு ஓரளவு பிடிபடும்.

மதமாற்றம் பற்றி நேராகவே சொல்கிறேன். இது கிறிஸ்தவத்தை மூடி மறைக்கும் பள்ளி அன்று. சிற்றாலயத்தில் வழிபாடு இருக்கும், வேதபாட வகுப்பு இருக்கும், இயேசுவைப் பற்றி உங்கள் மகள் நிறையக் கேட்பாள். ஆனால் கேட்பது வேறு, சேர்வது வேறு. ஞானஸ்நானம் பெறுவதே ஒருவர் திருச்சபையில் சேரும் முறை. பெற்றோர் அறியாமல் ஒரு சிறுமிக்கு அதைக் கொடுப்பது திருச்சபையின் வழக்கம் அன்று. வீட்டில் உங்கள் வழிபாட்டை நீங்கள் நிறுத்தாமல் நடத்திவந்தால், இரண்டும் வெவ்வேறு என்பதைப் பிள்ளை தானே புரிந்துகொள்வாள். வீட்டில் விளக்கேற்றுவதையே விட்டுவிட்டுப் பள்ளியின்மேல் வருத்தப்பட்ட பெற்றோரையும் நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: முதல் நாளே சிற்றாலய வழிபாடு இருக்கிறதாம். அங்கே என்ன செய்வது என்று தெரியாமல் மகன் பயப்படுகிறான். முன்கூட்டியே என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

பதில்: வழிபாட்டின் ஒழுங்கைச் சொல்லிக்கொடுங்கள், அதைவிடச் சிறந்த தயாரிப்பு இல்லை. ஆங்கிலிக்கன் வழிபாடு நினைத்தபடி ஓடுவது அன்று. கேன்டர்பரி பேராயராக இருந்த தாமஸ் கிரான்மர் 1549இல் தொகுத்த பொது ஜெபப் புத்தகமும், அதன் 1662ஆம் ஆண்டுப் பதிப்பும் வகுத்த ஒழுங்கே இன்றைய எளிய வடிவங்களுக்கும் அடித்தளம். ஒரு பாட்டு, ஒரு வேதவாசிப்பு, சிறிய உரை, ஜெபம், ஆசீர்வாதம் என்பதே பள்ளி வழிபாட்டின் பொதுவான போக்கு. இதில் குருவானவர் ஒரு வரியைச் சொன்னதும் எல்லோரும் ஒரே குரலில் மறுவரியைச் சொல்வார்கள். புதிய பிள்ளைகள் திடுக்கிடும் இடம் அதுதான். சுற்றியுள்ள முந்நூறு பேருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லையே என்று அந்த நொடியில் முகம் சுருங்கிவிடும். பெரும்பாலும் அந்த மறுவரிகள் கையில் தரும் தாளிலோ திரையிலோ தடித்த எழுத்தில் இருக்கும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள்.

பாட்டுக்கு எழுந்து நிற்க வேண்டும், வாசிப்புக்கு உட்கார வேண்டும், ஜெபத்துக்குத் தலை குனிந்தால் போதும். நம்பாத சொற்களை அவன் சொல்ல வேண்டியதில்லை. வாய்மூடி மரியாதையாக நின்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். இதை நீங்களே வாய்விட்டு அவனிடம் சொல்லுங்கள். அந்த அனுமதி பெற்றோரிடமிருந்து வரும்போதுதான் பிள்ளைக்கு நிம்மதி வருகிறது.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர்கள். திருவிருந்தில் எங்கள் பிள்ளைகள் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கலாமா? ஜெபங்கள் எல்லாம் ஒன்றுதானா?

பதில்: வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்று, அங்கே நற்கருணை வாங்கும் கிறிஸ்தவர்களைப் பல ஆங்கிலிக்கன் சபைகள் தம் திருவிருந்துக்கு வரவேற்கின்றன. ஆனால் உங்கள் கத்தோலிக்கத் திருச்சபை, தன் மக்கள் அங்கே வாங்கக்கூடாது என்றே கற்பிக்கிறது. ஆகவே ஆங்கிலிக்கன் பக்கத்தில் தடை இல்லாவிட்டாலும் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுவதே முறை.

வாங்காத பிள்ளைகளுக்கும் ஒரு வழி உண்டு. இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் சென்றால், குருவானவர் அப்பம் கொடுக்காமல் ஆசீர்வதித்து அனுப்புவார். பிற மதப் பிள்ளைகளும் விரும்பினால் அப்படிச் செல்லலாம். விருப்பமில்லையென்றால் இருக்கையிலேயே இருந்துவிடலாம். ஒருமுறை ஒரு சிறுமி, கைகளைக் குறுக்காக வைக்க மறந்து, கோயிலில் நிற்பதுபோல் கைகூப்பி நின்றுவிட்டாள். குருவானவர் ஒரு கணம் பார்த்தார்; குனிந்து அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அவள் திரும்பிவரும்போது நடையில் இருந்த பெருமிதம் இன்றும் எனக்கு நினைவில் இருக்கிறது.

ஜெபங்களில் பெரும்பகுதி ஒன்றுதான். பரமண்டல ஜெபத்தில் மட்டும் கவனம் வேண்டும். நீங்கள் தீமையிலிருந்து மீட்கும்படி கேட்பதோடு ஜெபத்தை முடிப்பீர்கள். ஆங்கிலிக்கர்கள் அதன் தொடர்ச்சியாக ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் உம்முடையவை என்ற வரியையும் சொல்லித்தான் முடிப்பார்கள். எல்லோரும் தொடரும்போது உங்கள் பிள்ளை மட்டும் உரக்க ஆமென் சொல்லிவிட்டுக் கூசிப்போவதைத் தவிர்க்க, முதல் நாளுக்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வழிபாட்டிலிருந்து பிள்ளையை முழுவதுமாக விலக்கிவைக்க முடியுமா?

பதில்: அது நாட்டையும் பள்ளியின் வகையையும் பொறுத்தது. இங்கிலாந்தில் அரசு நிதி பெறும் பள்ளிகளில், அவை திருச்சபைப் பள்ளிகளாக இருந்தாலும், பெற்றோர் பிள்ளையை வழிபாட்டிலிருந்து விலக்கிக்கொள்ளச் சட்டம் உரிமை தருகிறது. தனியார் பள்ளி என்றால், சேர்க்கையின்போது நீங்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வழிபாட்டில் கலந்துகொள்வது பள்ளி வாழ்வின் பகுதி என்று அதில் எழுதியிருக்கக்கூடும். எழுதியிருந்தால், ஆண்டின் நடுவில் அதை எதிர்த்து நிற்பது பிள்ளையைத்தான் சங்கடத்தில் தள்ளும். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், சிறு வயதில் மற்றவர்கள் சிற்றாலயத்துக்குப் போகும்போது நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது, அங்கே போய் மௌனமாக உட்கார்ந்திருப்பதைவிடக் கடினம்.

கேள்வி: பள்ளிக் கடிதத்தில் தவணைக்கு மிக்கேல்மஸ் என்று பெயர் போட்டிருக்கிறது. இது என்ன?

பதில்: செப்டம்பர் 29 தூதர் மிகாவேலின் திருநாள். அதை ஒட்டி வரும் தவணைக்கு அந்தப் பெயர். மற்றத் தவணைகளுக்கு லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்), திரித்துவம் போன்ற பெயர்கள் இருக்கலாம். பழைய மரபுள்ள பள்ளிகளில்தான் இவை வழங்குகின்றன.

கேள்வி: எங்கள் நாட்டில் கல்வியாண்டு ஜனவரி இறுதியில் தொடங்குகிறது. சேர்ந்த சில வாரங்களிலேயே சாம்பல் புதன் என்று ஒரு நாள் வருகிறதாம். மகனின் நெற்றியில் சாம்பல் பூசுவார்களா?

பதில்: சாம்பல் புதன், உயிர்த்த ஞாயிறு எனப்படும் ஈஸ்டருக்கு 46 நாள் முன்பாக வரும், ஆகவே பிப்ரவரி 4 முதல் மார்ச் 10 வரை எந்தப் புதனாகவும் அமையலாம். அன்றுதான் லெந்து காலம் தொடங்குகிறது. முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று கொடுத்த ஓலைச் சிலுவைகளை எரித்து, அந்தச் சாம்பலால் நெற்றியில் சிலுவைக்குறி இடுவது மரபு. இடும்போது, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்ற பொருளுடைய வேதவசனத்தைச் சொல்வார்கள். திருநீற்றின் பொருளைத் தாத்தாவிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தச் சிந்தனை அந்நியமாக இராது. ஆயினும் அது சிலுவைக்குறி, கிறிஸ்தவ மனந்திரும்புதலின் அடையாளம். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக் குழப்பிவிடாதீர்கள். விரும்புகிறவர்கள் மட்டுமே முன்னால் போகிறார்கள். வேண்டாம் என்றால் மகன் தன் இடத்திலேயே இருக்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: பள்ளிக் குருவானவரை எப்படி அழைப்பது? வேறு மதத்தவரான நாங்கள் அவரிடம் பேசலாமா?

பதில்: பேசலாம், முதல் வாரத்திலேயே பேசுங்கள். சாப்ளின் என்ற பொறுப்பில் இருப்பவர் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியவர் அல்லர். வீட்டில் ஒரு மரணம், பெற்றோர் பிரிவு, தோழர்களோடு மனவருத்தம் என்று எது நேர்ந்தாலும் எந்த மாணவரும் சென்று பேசக்கூடியவர் அவர். பல நாடுகளில் பெண்களும் குருத்துவம் பெற்றிருப்பதால் அவர் ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். ஃபாதர் என்று அழைப்பதா, ரெவரண்ட் என்பதா, பெயர் சொல்லியே அழைப்பதா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். எப்படி அழைக்கட்டும் என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கையில் கட்டிய கயிறு, தலைமறைப்பு, நெற்றிக்குறி ஆகியவை சீருடை விதியோடு மோதுமா என்ற கேள்வியையும் பள்ளி திறக்கும் முன் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலையில் வாசலில் வைத்து ஒரு பிள்ளையின் கயிற்றை அறுக்கச் சொன்னதை ஒரு பள்ளியில் கண்ணால் கண்டிருக்கிறேன்; ஒரு வரிக் கடிதம் அதைத் தடுத்திருக்கும்.

கேள்வி: நான் இந்து. இந்த ஆண்டு ஆங்கிலிக்கன் பள்ளியில் கணித ஆசிரியராகச் சேர்கிறேன். காலையில் வகுப்பில் ஜெபம் சொல்லச் சொன்னால் என்ன செய்வது?

பதில்: பணியில் சேரும்போது பள்ளியின் கிறிஸ்தவ நெறியை மதிப்பதாக ஒப்புக்கொண்டிருப்பீர்கள்; மதிப்பது என்பதற்கு விசுவாசிப்பது என்று பொருள் இல்லை. ஜெபத்தை ஒரு மாணவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அமைதியாக நிற்கலாம். உங்களால் முடியாததைத் துறைத்தலைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மனம் ஒப்பாமல் வாசிக்கும் குரலைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். அமைதியாக நிற்கும் ஆசிரியரை மதிப்பார்கள்.

கேள்வி: பிள்ளைகளை இல்லங்களாகப் பிரிக்கிறார்களாம். அண்ணனும் தங்கையும் வேறு வேறு இல்லத்தில் போய்விடுவார்களா?

பதில்: இல்லம் என்பது விளையாட்டு முதலியவற்றுக்காகப் பள்ளி மாணவர்களைப் பிரிக்கும் குழு. உடன்பிறந்தோரை ஒரே இல்லத்தில் வைப்பதே பல பள்ளிகளின் வழக்கம். மாறியிருந்தால் தவறுதலாக இருக்கலாம். விளையாட்டுச் சட்டை வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மகனின் பெயரை யாரும் சரியாகச் சொல்வதில்லை. சென்ற பள்ளியில் அவன் அப்பாவின் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். இங்கேயும் அப்படி ஆகிவிடுமோ?

பதில்: நம் வழக்கத்தில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கிறது, அவர்களுடைய படிவமோ குடும்பப்பெயர் கேட்கிறது. நாம் தந்தையின் பெயரை அங்கே நிரப்பிவிடுகிறோம். இல்லப் பட்டியலிலும் விளையாட்டு அறிவிப்பிலும் பிள்ளை அப்பாவின் பெயரால் அறியப்படுகிறான். இதில் நானும் தவறியிருக்கிறேன். பெயரின் நடுவில் ழகரம் உள்ள ஒரு மாணவனை முதல் வருகைப்பதிவில், பதிவேட்டின் ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தவறாக அழைத்தேன். அவன் உள்ளேன் என்று சொன்னான். ஆண்டு முழுவதும் அந்தத் தவறான பெயருக்கே உள்ளேன் சொன்னான். கடைசி நாளில் அவனுடைய அம்மா என் முன்னால் அவனை அழைத்தபோதுதான், தமிழனான நானே அவன் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, முதல் நாள் சொல்லவில்லை, பிறகு சொல்லக் கூச்சமாக இருந்தது என்றான்.

அதனால் பள்ளி திறக்கும் முன் வகுப்பாசிரியருக்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். எது பிள்ளையின் பெயர், எது தந்தையின் பெயர் என்பதைத் தெளிவாகக் குறித்து, பெயரை அசை அசையாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள். சேர்க்கைப் படிவத்தில் வழக்கமாக அழைக்கும் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தால் அதை வெறுமையாக விடாதீர்கள். மகனையும் கண்ணாடி முன் நிறுத்தி, என் பெயர் இப்படித்தான் சொல்ல வேண்டும், ஐயா என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொல்லிப் பழக்குங்கள். முதல் நாள் காலை வருகைப்பதிவு எடுக்கும்போதே அவன் அதைச் சொல்லிவிட வேண்டும்.