பத்தாண்டின் பந்து: பழைய நடுவரிடம் கேட்டவை

2010 முதல் 2019 வரை கால்பந்தில் மறக்கவே முடியாத தருணங்கள் எவை என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன். குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் தூத்தூர் வரை உள்ள கடற்கரை மைதானங்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் விசில் ஊதியவன் என்பதுதான் என் தகுதி. விதிகளைப் பற்றிக் கேட்டால் விரிவாகச் சொல்வேன். வீரர்களின் சம்பளம், கார், தலைமுடி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு எச்சரிக்கை: கைப்பேசியில் வரும் துண்டுக் காட்சியைப் பார்த்துவிட்டு ஆண்டு தெரியாமல் வாதாட வராதீர்கள்.

கொல்லங்கோடு, கல்லூரி மாணவர்: அண்ணா, ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் எது? அகுவேரோ கோல்தானே?

2012 மே 13, இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் கடைசி நாள். எல்லாரும் அவர் கோல் அடித்த 93 நிமிடம் 20 வினாடியைச் சொல்கிறார்கள். நான் அதற்கு முந்தைய நிமிடங்களைப் பார்க்கச் சொல்வேன். மான்செஸ்டர் சிட்டி 1-2 என்று பின்தங்கியிருக்கிறது. எதிரணி கியூ.பி.ஆரில் (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) ஜோயி பார்ட்டன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதால் பத்துப் பேர்தான். 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தில் சிட்டியின் ஜெகோ தலையால் முட்டிச் சமன் செய்கிறார். அதன்பின் நடுக்கோட்டிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கிய கியூ.பி.ஆர். பந்தைத் தூர உதைத்து சிட்டியிடமே கொடுத்துவிடுகிறது. அதே நேரம் ஸ்டோக்கில் ஆடிய போல்ட்டன் அணி வெல்லவில்லை, ஆகவே தோற்றாலும் கியூ.பி.ஆருக்குக் கீழ்ப் பிரிவுக்குத் தரமிறக்கம் இல்லை. பிறகு சிட்டியின் பாலோடெல்லி கீழே விழுந்துகொண்டே காலை நீட்டிப் பந்தைத் தள்ளிவிடுகிறார். பிரீமியர் லீக்கில் அவர் கோலுக்குக் கொடுத்த ஒரே பாஸ் அது. விழுந்தவன் கொடுத்த பாஸில் அகுவேரோ கோல், சிட்டிக்கு 44 ஆண்டுக்குப் பிறகு லீக் கோப்பை. ஆனாலும் என் முதலிடம் இதற்கு இல்லை. கீழே வருகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்: 2022 லுசைல் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஏன் சேர்க்கவில்லை?

பத்தாண்டு 2019இல் முடிந்துவிட்டது.

களியக்காவிளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: கணக்குப்படி பத்தாண்டு 2011இல் தொடங்கி 2020இல் முடிய வேண்டும்.

கணக்கு உங்களுடையது, சார். அப்படி வைத்தால் 2010 உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயினின் இனியெஸ்டா 116ஆவது நிமிடத்தில் நெதர்லாந்துக்கு எதிராக அடித்ததையும் சுவாரெஸின் கையையும் தூக்கிக் கடலில் போட வேண்டும். மாட்டேன்.

நித்திரவிளையிலிருந்து: மெஸ்ஸியா, ரொனால்டோவா?

இரண்டு பேரும் நன்றாக ஆடினார்கள். அடுத்தது.

பிரேசில் ரசிகர் என்று கையெழுத்திட்டவர்: 7-1 பற்றி ஒரு வார்த்தை.

2014 ஜூலை 8, பெலோ ஹொரிசான்ட்டே, உலகக் கோப்பை அரையிறுதி. 23ஆம் நிமிடத்திலிருந்து 29ஆம் நிமிடத்துக்குள் ஜெர்மனி நான்கு கோல். ஓட்டு வீட்டுக் கூரையில் மஞ்சள் கொடி கட்டியிருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நான்காவது கோலில் எழுந்து வெளியே போனார். கொடியை மறுநாள் காலையில் மனைவிதான் அவிழ்த்தார்.

நீரோடியிலிருந்து: அண்ணா, சுவாரெஸ் மோசடிக்காரர்தானே? கானாவின் கோப்பையைத் திருடியவர்.

என் முதலிடம் இதுதான். 2010 உலகக் கோப்பை காலிறுதி, சுவாரெஸின் உருகுவேக்கும் கானாவுக்கும். இந்தியாவில் அன்று ஜூலை 3 பிறந்திருந்தது. ஆட்டம் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கியது. கூடுதல் நேரமும் முடியும்போது இரண்டரை தாண்டிவிட்டது. வாசகசாலை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மூன்று மணிக்கு வள்ளம் தள்ள வேண்டியவர்கள். வலை கரையில் கிடந்தது. யாரும் எழவில்லை.

1-1. கடைசி ஃப்ரீ கிக். கானாவின் அடியியா தலையால் முட்டியது கோலுக்குள் போகிறது. கோட்டில் நின்ற சுவாரெஸ் இரண்டு கையாலும் தள்ளிவிடுகிறார். பக்கத்தில் நின்ற ஃபூசிலேயும் கையைத் தூக்குகிறார், அதைக் கவனித்தவர்கள் குறைவு. போர்ச்சுகல் நடுவர் பென்கெரென்சா தயங்காமல் சிவப்பு அட்டையும் பெனால்டியும் கொடுத்தார். அசமோவா ஜியான் அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே போனது. பிறகு நடந்த பெனால்டி போட்டியில் அதே ஜியான் கானாவின் முதல் ஆளாக வந்து கோல் அடித்தார். அந்தத் துணிச்சலை யாரும் பேசுவதில்லை. உருகுவே 4-2. ஆப்பிரிக்காவின் முதல் அரையிறுதி அங்கேயே போயிற்று.

மோசடி என்றால் நடுவர் பார்க்காமல் செய்வது. இவர் எல்லாரும் பார்க்கச் செய்தார், விதி சொன்ன தண்டனையை வாங்கினார், அரையிறுதியில் ஆடவில்லை. அதற்கு மேல் அவரிடம் என்ன வாங்க வேண்டும்?

பொழியூரிலிருந்து, அதே மணி நேரத்தில்: அண்ணாச்சி சொல்வது தவறு. தண்டனை குற்றத்தைவிடச் சிறியதாக இருந்தால் குற்றம் லாபம் ஆகிவிடுகிறது. உறுதியான கோலை எடுத்துக்கொண்டு பெனால்டி கொடுப்பது நியாயமா?

இது நல்ல கேள்வி. ரக்பியில் 'பெனால்டி டிரை' என்று நடுவரே புள்ளி கொடுத்துவிடலாம். கால்பந்தில் அப்படி இல்லை, பந்து கோட்டைக் கடக்க வேண்டும். நானும் ஒருமுறை அதில் மாட்டிக்கொண்டேன். ஈஸ்டர் கோப்பை இறுதி. மணல் மைதானம். ஒரு தடுப்பாட்டக்காரன் கோட்டில் நின்று கையால் பந்தைத் தட்டினான். சிவப்பு அட்டை, பெனால்டி. பெனால்டியைக் கீப்பர் பிடித்துவிட்டார். கோலை இழந்த ஊர்க்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "கோல் கொடு" என்றார்கள். கொடுக்க விதியில் இடமில்லை என்றேன். என் விசிலைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார்கள். அதனால், மக்களே, அந்த வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை.

நீரோடி (மறுபடியும்): ஜியான் தவறவிட்டதும் சுவாரெஸ் வீரர்கள் வெளியேறும் சுரங்கப்பாதையில் நின்று துள்ளியதை என்ன சொல்கிறீர்கள்?

அது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு அட்டை கிடையாது.

தூத்தூரிலிருந்து: அந்த ஃப்ரீ கிக் வந்தபோது கானா ஆஃப்சைடு என்று...

தெரியும், தெரியும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வொன்று. அதைத் தொடங்கினால் விடிந்துவிடும்.

அருமனையிலிருந்து: 12 வயது மகனுக்கு எந்த பூட்ஸ் வாங்கலாம்?

மார்த்தாண்டத்தில் விளையாட்டுச் சாமான் கடைக்காரரைக் கேளுங்கள். இன்னும் மணலில்தான் ஆடுகிறான் என்றால் வெறுங்கால் போதும்.

கொல்லங்கோடு: மெஸ்ஸி, ரொனால்டோவில் யார் பெரியவர்?

மேலே பார்க்கவும்.

தூத்தூர், பெண்கள் அணியில் ஆடும் ஒருவர்: நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லையா, அண்ணா?

நடந்தது. 2017 அக்டோபர் 9, டெல்லி. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் கார்னரில் தலையால் முட்டினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோல். அடுத்த நிமிடமே கொலம்பியா மறுபடி அடித்து 2-1. மகிழ ஒரு நிமிடம்தான் கிடைத்தது. 2019 மே மாதம் மதுரையின் சேது அணி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. பத்திரிகையில் எத்தனை வரி வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

என் கண்ணால் பார்த்தது 2019 மார்ச் 9, கோயம்புத்தூர். இந்தியக் கிளப் அணிகளின் ஐ-லீக், கடைசி நாள். சென்னை சிட்டி மினர்வா பஞ்சாப்பை வென்றால் கோப்பை, தவறினால் ஈஸ்ட் பெங்காலுக்கு வாய்ப்பு. அவர்கள் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆடுகிறார்கள். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் காதில் கைப்பேசியை ஒட்டிவைத்துக்கொண்டு கோழிக்கோட்டு நிலவரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா. தடுப்பாட்டக்காரர், இரண்டு கோல். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றது, ஆனால் 43க்கு 42. ஒரு புள்ளி. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் முறை. திரும்பும் ரயிலில் நாகர்கோவில் வரை யாரும் தூங்கவில்லை.

பொழியூர்: அதே ஆண்டு எங்கள் கோகுலம் டூரண்ட் கோப்பையை எடுத்ததை மறைக்கிறீர்களே.

மறைக்கவில்லை. கொல்கத்தாவில் மோகன் பகானை 2-1 என்று வென்றார்கள், இரண்டும் மார்க்கஸ் ஜோசப். 1997இல் எஃப்.சி. கொச்சினுக்குப் பிறகு கேரளத்துக்கு வந்த டூரண்ட். 2016 இந்தியன் சூப்பர் லீக்கின் கொச்சி இறுதியையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அழாதீர்கள். பெனால்டி போட்டியில் கேரளா பிளாஸ்டர்ஸின் பழைய செல்லப்பிள்ளை ஹியூம் கொல்கத்தாவுக்காகப் பெனால்டியைத் தவறவிட்டார், மைதானமே எழுந்தது. கடைசியில் பிளாஸ்டர்ஸின் ஹெங்பார்ட் அடித்ததைக் கீப்பர் காலால் தடுக்க, கொல்கத்தாவின் ஜுவல் ராஜா முடித்துவைத்தார்.

மார்த்தாண்டம்: லுசைலில் எம்பாப்பே மூன்று கோல்...

2022. பத்தாண்டுக்கு வெளியே. மூன்றாம் முறை கேட்டால் மஞ்சள் அட்டை.

ஒரு லிவர்பூல் ரசிகர்: ஒரிகி?

2019 மே 7, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராக நான்காவது கோல். கார்னரிலிருந்து விலகுவதுபோல நடந்த அலெக்சாண்டர்-அர்னால்ட் சட்டென்று திரும்பிக் கார்னரை அடிக்க, ஒரிகி கோலாக்கினார். பார்சிலோனாக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பந்தைத் தாமதிக்காமல் கொடுத்த கோட்டோரச் சிறுவனுக்கு அதில் பாதிப் பங்கு. நம் ஊரில் பந்து எடுத்துக்கொடுக்கும் பிள்ளைகள் முதலில் அதை நான்கு தடவை தட்டி ஆடிவிட்டுத்தான் தருவார்கள்.

நித்திரவிளை: லாம்பார்டு கோலைக் கொடுக்காத நடுவரை ஆதரிப்பீர்களா?

மாட்டேன். 2010 ஜூன் 27, உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தது. 2014 உலகக் கோப்பைக்கு கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வந்ததற்கு அந்த அவமானமும் ஒரு காரணம்.

கடைசியாக, பெயரில்லாமல்: மாமா, ஈஸ்டர் கோப்பையில் கோட்டில் நின்றது நான்தான். பந்து என் தோளில் பட்டது, கையில் இல்லை. சிவப்பு அட்டையால் கோப்பை வாங்க என்னை மேடை ஏற விடவில்லை.

மக்களே, நான் பத்தடி தூரத்தில் நின்றேன். கைதான், முழங்கைக்குக் கீழே. உன் அணி வென்றதே, அது போதாதா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, தேநீர் குடிக்கலாம். வரும்போது ஒரு விசில் வாங்கி வா.