திரும்பத் திரும்ப வயிற்றோட்டம் வரும் நாய்க்கு என்ன கொடுப்பது?

கேள்வி: எங்கள் நாய்க்கு மூன்று வயது, எடை 12 கிலோ. இரண்டு மாதமாக வயிறு இளகிப் போகிறது, சில நாள் சளியும் சேர்ந்து வருகிறது. மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோட்டிக் கொடுத்தால் நிற்கிறது, ஒரு கிழமையில் மறுபடி தொடங்கிவிடுகிறது. குட்டியிலிருந்தே சோறும் மீனும்தான் சாப்பாடு. என்ன செய்யலாம்? - வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: மூன்று கிழமைக்கு மேல் நீடித்தாலே அது நாட்பட்ட குடல் கோளாறு. இப்படியான நாய்களில் பாதிக்கும் மேற்பட்டவை உணவை மாற்றுவதாலேயே தேறிவிடும், பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள். மெட்ரோனிடசோல் காரணத்தைத் தொடுவதில்லை. குடலுக்குத் தேவையான பக்டீரியாக்களையும் அது அழிக்கிறது, அவை மீளப் பல கிழமை ஆகும். மிருக வைத்தியர் சொல்லாமல் இனிக் கொடுக்க வேண்டாம்.

உணவில் கைவைக்க முன் மலப் பரிசோதனை. கொழுக்கிப்புழு, சாட்டைப்புழு, ஜியார்டியா என்ற நுண்ணிய குடல் ஒட்டுண்ணி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜியார்டியா தினமும் வெளிப்படாது, ஆகவே ஐந்து நாளுக்குள் மூன்று மாதிரி எடுப்பது நல்லது. கொழுக்கிப்புழு மணலில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலிலும் ஏறும். மலத்தை உடனுக்குடன் அள்ளிவிடுங்கள்.

இணையத்தில் பார்த்தால் 'மீன் கொடுங்கள்' என்றுதான் இருக்கும். மாட்டிறைச்சியும் கோழியும் தின்று வளர்ந்த நாய்களுக்கு அது சரி. திருகோணமலையில் நிலைமை தலைகீழ். ஒவ்வாமை வருவது நாய் நீண்ட காலம் தின்ற புரதத்துக்கு, உங்கள் நாய்க்கு அது மீன். எனவே இதுவரை தின்னாத ஒரு புரதமும் ஒரு மாச்சத்தும் மட்டும் தெரிவு செய்யுங்கள். கோழி அதிகம் தின்றதில்லை என்றால் தோல் நீக்கிய கோழியும் உருளைக்கிழங்கும். கோழி எலும்பு அடிக்கடி கிடைத்திருந்தால் கொழுப்பு நீக்கிய ஆட்டிறைச்சி.

12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு, அவித்த பின் நிறுத்து: கோழி 200 கிராம், உருளைக்கிழங்கு 450 கிராம், சூரியகாந்தி எண்ணெய் ஒரு தேக்கரண்டி. உப்பும் தூளும் வேண்டாம். மூன்று வேளையாகப் பிரியுங்கள். முதல் நான்கு நாளில் பழைய சாப்பாட்டைக் காற்பங்கு காற்பங்காகக் குறைத்து மாற்றுங்கள். சளியோடு அடிக்கடி சிறிது சிறிதாகப் போனால் பெருங்குடல் பக்கம்தான் சிக்கல் என்று கொள்ளலாம். அப்போது இசப்கோல் என்ற நார் உமி அரைத் தேக்கரண்டியைத் தண்ணீரில் ஊறவைத்து வேளைக்கு ஒரு தடவை கலந்தால் மலம் இறுகும்.

பலருக்கு இந்த முயற்சி சறுக்குவது வீட்டிலேயேதான். ஒரு பிள்ளை நீட்டும் மாரி பிஸ்கட், தேநீரில் மிஞ்சிய பால், கறிச் சோற்றில் ஒரு பிடி என்று ஏதாவது உள்ளே போய்விடும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு வயிற்றைக் கலக்கும். வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். இறைச்சிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரையும் கணக்கில் சேரும். கரையில் ஒதுங்கும் மீன் கழிவுதான் இங்கே பெரிய பிரச்சினை. கச்சான் காற்றுக்கால வெயிலில் கெட்ட சூரை, கும்பளா மீன்களில் ஹிஸ்டமின் என்ற நச்சு ஊறும், அவித்தாலும் போகாது. நான்கு கிழமைக்கு நாயைக் கயிற்றில் கட்டியே வெளியே கொண்டுபோங்கள். சமைத்ததை இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் பிரிட்ஜில் வையுங்கள்.

தாரைப் போன்ற கறுப்பு மலம், வாந்தி, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமை, எடையில் பத்தில் ஒரு பங்கு குறைதல், வயிறோ காலோ வீங்குதல் - இவற்றில் ஒன்று கண்டாலும் உணவுச் சோதனையைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். வீக்கம் என்றால் குடல் வழியே புரதம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். வெளிர்நிறத்தில் எண்ணெய்ப்பசையோடு நிறையப் போய், ஓயாமல் பசித்தால் கணையத்தைப் பார்க்க வேண்டும். எடை குறையும் நாய்க்கு விற்றமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் கிழமைக்கு ஒரு ஊசி வீதம் ஆறு கிழமை போடுவார்கள்.

தேறினால் முன்பு கொடுத்துவந்த மீனை மட்டும் மீளக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு கிழமைக்குள் இளகினால் காரணம் அதுதான், நிறுத்திவிடுங்கள். பிறகு கிழமைக்கு ஒரு புதுப் பொருள் சேர்க்கலாம். மேலே சொன்ன சாப்பாட்டில் போதிய கல்சியம் இல்லை. ஒரு மாதம் தாண்டித் தொடர்ந்தால் நாளுக்கு அரைத் தேக்கரண்டி நுண்ணிய முட்டைக்கோதுத் தூள் சேருங்கள். நாகம், செம்பு, விற்றமின் டி குறையாமல் இருக்க வைத்தியரிடம் கலவைத் தூள் கேளுங்கள். வளரும் குட்டிக்கு இந்த அளவுகள் பொருந்தாது.