தரங்கம்பாடி சீகன்பால்கு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் போதகர் பார்த்தலோமேயு சீகன்பால்கு பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். விசுவாசம் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு உங்கள் சபைப் போதகர்தான் சரியான ஆள். எனக்குத் தெரிந்த வரலாற்றை மட்டும் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி ஒருவர்: சார், தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் ஊர். அங்கே ஜெர்மன்காரர் எப்படி மிஷனரியாக வந்தார்?

டென்மார்க்கில் ஆள் கிடைக்கவில்லை, அதுதான் காரணம். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி, வருஷா வருஷம் கப்பம் கட்டும் ஒப்பந்தத்தில் டேனியர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். அதற்கப்புறம் எண்பது வருடத்துக்கு மேல் மிளகு, துணி என்று வியாபாரம்தான் நடந்தது. ஊர்க்காரர்களுக்கு மதம் போதிக்கும் எண்ணம் டேனிஷ் வியாபாரக் கம்பெனிக்குத் துளியும் இல்லை. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்குத்தான் அந்த யோசனை வந்தது. அவருடைய அரண்மனைப் போதகர் உள்ளூரில் தேடிப் பார்த்துவிட்டு, ஜெர்மனியில் இருந்த தன் நண்பர்களுக்கு எழுதினார். அப்போது ஜெர்மனியில் ஹாலே நகரத்தை மையமாக வைத்து ஒரு பக்தி இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வட்டாரத்திலிருந்து கிடைத்தவர்கள்தான் சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும்.

சீகன்பால்கு சாக்சனியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சின்ன ஊரில் 1682 ஜூலை 10-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தவர். ஓயாத வயிற்றுக் கோளாறு; உடம்பு ஒத்துழைக்காததால் ஹாலேயில் படிப்பையும் முடிக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளை ஏழு மாதக் கப்பல் பயணத்துக்கு அனுப்பினார்கள். 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் அவருக்கு 24 வயது.

சீர்காழி வாசகர்: அரசரே அனுப்பியவர் என்றால் ராஜ மரியாதை கிடைத்திருக்குமே, ஐயா?

நேர் எதிர். கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவர்களைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். கரை இறங்கியவர்களுக்குத் தங்க இடம்கூட ஏற்பாடு செய்யாமல் தெருவில் நிற்க வைத்துவிட்டுப் போனார்கள். கம்பெனி ஆட்கள் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கவேண்டும். தங்களைக் கேட்காமல் அரசர் நேரடியாக ஆள் அனுப்பியதே அவர்களுக்கு அவமானம். தஞ்சை அரசர் கோபித்துக்கொண்டால் வியாபாரம் படுத்துவிடும். போதாக்குறைக்கு, 1707 மே மாதம் சீகன்பால்கு முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள். எஜமானர்களுக்கு இது எப்படிப் பிடிக்கும்?

1708-இல் விஷயம் முற்றியது. தமிழ் நாவிதர் ஒருவர் இறந்துபோக, அவர் மனைவிக்கும் கம்பெனி மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் கடன் வழக்கு. சீகன்பால்கு அந்த விதவைக்காகப் பேசினார். அதோடு வேறு சச்சரவுகளும் சேர்ந்துகொள்ள, விசாரணைக்கு வா என்று தளபதி ஆள் அனுப்பினார். எழுத்து மூலம் உத்தரவு கொடுத்தால்தான் வருவேன் என்றார் இவர். பிடித்துக் கோட்டையில் அடைத்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் சிறை. 1709-இல்தான் வெளியே விட்டார்கள்.

மிஷனரி என்றாலே உள்ளூர் மக்கள் கல்லெறிந்து துரத்துவதுபோல் ஒரு படம் பலருக்கு மனதில் இருக்கிறது. இவர் விஷயத்தில் பெரிய அடிகள் எல்லாமே அவர் பக்கத்து ஐரோப்பியர்களே கொடுத்தவை. கடைசி அடியும் அங்கிருந்துதான் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழாசிரியர் ஒருவர்: தமிழை யாரிடம் கற்றார்? நம் ஆட்கள் பெயர் ஏதாவது தெரியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தரங்கம்பாடியில் ஐரோப்பியர்களும் ஊர்க்காரர்களும் பேசிக்கொண்டது கொச்சைப் போர்த்துக்கீசியத்தில். அது போதாது, தமிழே வேண்டும் என்று முடிவெடுத்ததும் ஒரு வயதான வாத்தியாரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டில் நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அர்த்தம் சொல்ல வாத்தியாருக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. அங்கே வந்து சேர்ந்தவர் அழகப்பன். கம்பெனிக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். ஐரோப்பிய மொழிகள் பல தெரிந்தவர். மிஷனரிகளின் ஏடுகளில் 'அலெப்பா' என்று வருகிறவர் இவர்தான். மிஷனரியோடு சேர்ந்து வேலை செய்ததற்கு அவரும் விலை கொடுத்தார். ஊரை விட்டுப் போகவேண்டியிருந்தது.

அப்புறம் நடந்தது வெறி பிடித்த வாசிப்பு. கூலிக்கு எழுத்தர்களை அமர்த்தி ஓலைகளைப் பிரதி எடுக்கச் சொன்னார். சில நாள் தூரத்து ஊர்களுக்குக்கூட ஆள் அனுப்பி, இறந்துபோன படித்தவர்களின் விதவைகளிடமிருந்து சுவடிகளை மலிவாக வாங்கினார். (மலிவாக வாங்கியதை அவரே எழுதி வைத்திருக்கிறார். படிக்கும்போது எனக்குச் சற்று உறுத்தும்.) 1708-இல் தன்னிடமிருந்த சுவடிகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். கிறிஸ்தவ நூல்களைத் தனியாக வைத்துவிட்டால் 119 நூல்கள். ஒவ்வொன்றுக்கும் இது எதைப் பற்றியது என்று குறிப்பு. ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது! அதே வருடம் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். சிவவாக்கியர் பாட்டு என்றால் அவருக்கு உயிர். காரணம் ஊகிக்க முடிகிற ஒன்றுதான்: நட்ட கல்லைத் திட்டுகிற சித்தர் அவருடைய வாதத்துக்கு நன்றாக உதவினார்.

அச்சகம் நடத்தும் ஒருவர்: தமிழில் முதலில் புத்தகம் அச்சடித்தவர் சீகன்பால்குதானே அண்ணா?

இல்லை தம்பி. அந்தப் பெருமை கத்தோலிக்கர்களுக்கு. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இவருக்கு ஒன்றேகால் நூற்றாண்டு மூத்தது. ஆனால் அந்த அச்சு வேலை பின்னால் நின்றுபோயிருந்தது. தரங்கம்பாடியில் அது மறுபடி ஆரம்பித்தது, இந்தத் தடவை நிற்கவில்லை.

வந்த கதையைக் கேளுங்கள். லண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சங்கம் ஒன்று சீகன்பால்குவின் லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழிப் புராட்டஸ்டண்ட்) மிஷனுக்கு அச்சு எந்திரம், காகிதம், போர்த்துக்கீசிய எழுத்துகள் எல்லாம் கொடுத்து ஒரு அச்சுக்காரரையும் அனுப்பியது. வழியில், பிரேசில் கடற்கரையில், ரியோ டி ஜெனிரோ பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். எப்படியோ மீண்டது. கப்பல் கிளம்பிய பிறகு அச்சுக்காரர் நடுவழியில் காய்ச்சலில் இறந்துபோனார். எந்திரம் மட்டும் 1712-இல் வந்து சேர்ந்தது. கோட்டையில் அச்சு வேலை தெரிந்த ஒரு சிப்பாய் இருந்ததால் வேலை ஓடியது.

தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்து 1713-இல் அனுப்பினார்கள். கூடவே ஆட்லர் என்ற வார்ப்புத் தொழிலாளி வந்தார். எழுத்தெல்லாம் மிகப் பெரிசு. அதில் பைபிளின் புதிய ஏற்பாட்டை அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் பக்கத்து ஊரான பொறையாற்றில் ஆட்லர் சின்ன எழுத்துகளை வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கித்தான் வார்த்தார்கள் என்று சொல்வார்கள். காகிதத்துக்குத் தட்டுப்பாடு வர, பொறையாற்றிலேயே காகிதப் பட்டறையும் போட்டார்கள்.

1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் மீதியும் அச்சாகிப் புதிய ஏற்பாடு முழுமையானது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் முழுப் புதிய ஏற்பாடு அச்சானதில்லை. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் அவரால் முடிந்தது. மீதியை முடித்தவர் பின்னால் வந்த மிஷனரி ஷுல்ட்சே.

அதே நண்பர்: அந்தத் தமிழ் நன்றாக இருக்குமா?

கத்தோலிக்கத் துறவியான வீரமாமுனிவரைக் கேட்டால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். 'லுத்தேரினத்தியல்பு' என்று ஒரு நூலே எழுதி இவர்களைச் சாடியவர் அவர். இன்றைக்கு நாம் படித்தாலும் பல இடங்களில் தட்டும். பேச்சுத் தமிழும் ஏட்டுத் தமிழும் ஜெர்மன் வாக்கியமும் கலந்த நடை. ஆனால் இவர் எழுதியது எழுதப் படிக்கத் தெரிந்த சாதாரண ஆளுக்கு, வித்துவானுக்கு அல்ல. அதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

மதுரை வாசகர்: நம் சாமிகளை இழிவாக எழுதியவரை எதற்குக் கொண்டாட வேண்டும்?

கொண்டாடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆரம்பத்தில் அவர் எழுதியவை கடுமையானவை, மறைக்க ஒன்றுமில்லை. விக்கிரக வழிபாடு தவறு என்ற கருத்தைச் சாகும்வரை மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஆனால் சுவடி படிக்கப் படிக்க, இவர்கள் அறிவில்லாத காட்டுமிராண்டிகள் என்று ஐரோப்பாவில் நினைப்பது சுத்தத் தப்பு என்று ஊருக்கு எழுத ஆரம்பித்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை விரிவாக ஒரு நூலாக எழுதி 1713-இல் ஹாலேவுக்கு அனுப்பினார். சிவன், விஷ்ணுவோடு நிறுத்தாமல் ஐயனார், எல்லையம்மன், மாரியம்மன் என்று கிராமத் தெய்வங்கள், அவற்றுக்கு நடக்கும் திருவிழா, படையல் வரை அதில் இருக்கிறது. அச்சிடக் கேட்டதற்கு ஹாலே பக்தி இயக்கத்தின் தலைவர் பிராங்கே மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை வேரோடு பிடுங்க அனுப்பினோமே தவிர ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் கட்சி. அந்தப் புத்தகம் 1867-இல் சென்னையில்தான் அச்சேறியது. எழுதி 154 வருடம் கழித்து.

இன்னொன்றும் இருக்கிறது. சீகன்பால்குவும் அவருடைய சகா கிரண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, பதிலாக வந்த 99 கடிதங்களை ஜெர்மனுக்கு மாற்றி ஹாலேயில் வெளியிட்டார்கள். அவற்றில் நம்மவர்கள் சும்மா விடவில்லை. மாட்டுக்கறி தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், குளிப்பதில்லை, உங்களைப் பார்த்து எங்கள் ஆட்கள் எப்படி உங்கள் மதத்துக்கு வருவார்கள் என்று நன்றாகவே போட்டுத் தாக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: தமிழ் மூலக் கடிதங்கள் இல்லை. மிஷனரிகள் மொழிபெயர்த்து, அடிக்குறிப்பும் போட்ட வடிவம்தான் நம்மிடம் உள்ளது.

சென்னை வாசகர்: சாதியை ஒழித்தாரா?

இல்லை. ஒரே கூரையின் கீழ் எல்லாரையும் உட்கார வைத்ததே அந்தக் காலத்தில் பெரிய விஷயம் என்பார்கள். ஆனால் தரங்கம்பாடி சபைகளில் 18-ஆம் நூற்றாண்டு முழுக்க இருக்கைகள் சாதிவாரியாகப் பிரிந்தே இருந்தன. 1733-இல் ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் போதகராக அபிஷேகம் பெற்றார், வேளாளர். தஞ்சைப் பகுதியில் கடுமையாக உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன் பறையர் சமூகத்தவர். அவரைப் போதகராக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது சபைக்குள்ளிருந்தே எதிர்ப்பு வந்து, அது நடக்கவில்லை. இது சீகன்பால்கு காலத்துக்குப் பின்னால் நடந்தது. இருந்தாலும் அவர் போட்ட அஸ்திவாரத்தில் இந்த விரிசல் முதலிலேயே இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

திருச்சி வாசகி: குடும்பம் இருந்ததா ஐயா?

இருந்தது அம்மா. 1714 கடைசியில் ஐரோப்பாவுக்குப் போனவர், 1716-இல் மரியா டொரோத்தியா சால்ஸ்மனைத் திருமணம் செய்துகொண்டு அழைத்து வந்தார். அந்தப் பயணத்தில் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூடப் போனார். கப்பலில் இருவரும் சேர்ந்து வேலை பார்த்ததில் ஒரு தமிழ் இலக்கணம் உருவாகி, லத்தீனில் 1716-இல் ஹாலேயில் அச்சானது. ஹாசியஸ் பதவி மாறியதும் இந்தப் பயணத்தின் பலன்தான்.

நாகை வாசகர்: 36 வயதிலேயே இறந்தது எதனால்?

வயிறு பழைய எதிரி. அதற்கு மேல் கோபன்ஹேகன். மிஷன் வேலைகளை மேற்பார்வை பார்க்க அங்கே 1714-இல் ஒரு குழு அமைத்தார்கள். அதன் செயலாளர் வெண்ட் என்பவருக்குத் தனிச் சித்தாந்தம்: மிஷனரி என்பவன் அப்போஸ்தலர் மாதிரி கையில் காசில்லாமல் ஊர் ஊராகப் போகவேண்டும்; கோயில், பள்ளிக்கூடம், குடும்பம் என்று செலவு வைக்கக்கூடாது. இவர் அப்போதுதான் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்திருக்கிறார். 1707-லிருந்து பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேறு நடக்கிறது. எல்லாம் வீண் வேலை என்ற தொனியில் கண்டனக் கடிதம் வந்தது. மனுஷர் உடைந்துபோனார். 1719 பிப்ரவரி 23-இல் இறந்தார். கிரண்ட்லரும் அடுத்த வருடமே போய்விட்டார். கடிதம் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். ஆனால் நோயாளிக்கு அப்படியொரு கடிதம் எழுதியவரை என்னால் மன்னிக்கவும் முடிவதில்லை.

கடைசியாக, காரைக்கால் வாசகர்: நேரில் போனால் என்ன பார்க்கலாம்?

ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் நான்காம் பிரெடரிக்கின் கிரீட முத்திரை இருக்கும். சீகன்பால்குவின் கல்லறை உள்ளே பலிபீடத்துக்குப் பக்கத்தில். எதிரில் டேனியர்களின் சீயோன் ஆலயம், இன்னும் கொஞ்சம் நடந்தால் கோட்டை. அவர் பெயரில் 2017-இல் திறந்த அருங்காட்சியகத்தில் அச்சு வேலை பற்றிய காட்சிகள் உண்டு. அச்சகத் தம்பி அங்கே கட்டாயம் போகவேண்டும். சுவடிகளைப் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் ஹாலேவுக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.