நியாசின் போட்டால் முகம் எரிகிறது: தொடரலாமா?

கேள்வி: வயது 48. 3 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளையும், அடார்வாஸ்டாடின் 10 மி.கி. இரவிலும் சாப்பிடுகிறேன். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 118, நல்ல கொழுப்பு 34. நல்ல கொழுப்பை ஏற்றும் என்று கேள்விப்பட்டு ஆன்லைனில் நியாசின் (பி3 வைட்டமின்) 500 மி.கி. வாங்கினேன். முதல் மாத்திரை போட்ட 20 நிமிடத்தில் முகம், காது, கழுத்தெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. அலர்ஜியா? 'ஃப்ளஷ்-ஃப்ரீ' என்று ஒன்று விற்கிறார்களே, அதற்கு மாறலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் சொல்வது அலர்ஜி மாதிரி இல்லை. நியாசின் தோலில் உள்ள சில செல்களைத் தூண்டி புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. அதனால் சிறு ரத்தக்குழாய்கள் விரிந்து, சூடு குப்பென்று ஏறுகிறது. 30 முதல் 50 மி.கி. அளவிலேயே பலருக்கு இது வரும். நீங்கள் எடுத்த எடுப்பில் 500 போட்டிருக்கிறீர்கள். மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, எரிச்சலும் அரிப்பும்தான் தெரியும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். ஆனால் தடிப்புத் தடிப்பாக எழும்பினாலோ, உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ அது வேறு விஷயம். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஃப்ளஷ் (சூடு ஏறுவது) வரும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். அப்போது நடமாடாமல் உட்கார்ந்துவிட வேண்டும்.

எரிச்சல் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஆபத்து அதில் இல்லை. எரியாத மாத்திரையில்தான் யோசிக்க வேண்டியது அதிகம்.

நியாசின் என்ற பெயரில் கடையில் கிடைப்பது ஒரே சரக்கு அல்ல. லேபிளில் 'நிகோடினிக் அமிலம்' என்றிருந்தால் அதுதான் எரிவது. கொழுப்பைக் குறைப்பதும் அதுதான். 'நியாசினமைடு' அல்லது 'நிகோடினமைடு' என்றிருந்தால் அதுவும் பி3 வைட்டமின்தான். நம் ஊர் பி-காம்ப்ளெக்ஸ் கேப்சூல்களில் பெரும்பாலும் இதுவே இருக்கும். எரியாது, கொழுப்பையும் தொடாது. 'ஃப்ளஷ்-ஃப்ரீ' என்பது வழக்கமாக இனோசிட்டால் ஹெக்சநிகோட்டினேட். அதிலிருந்து நியாசின் ரத்தத்துக்கு வருவதே சொற்பம். எரியாததற்கும் பலன் தராததற்கும் காரணம் அதுதான். பணம்தான் வீண்.

நான்காவது வகை 'சஸ்டெய்ண்டு ரிலீஸ்', அதாவது மெதுவாகக் கரைவது. கல்லீரல் நியாசினை இரண்டு வழிகளில் செரிக்கிறது. வேகமாக வந்து குவிந்தால் பெரும்பகுதி ஒரு வழியில் போகிறது. எரிச்சல் அந்த வழியோடு சேர்ந்தது. சொட்டுச் சொட்டாக வந்தால் மற்றொரு வழியில் போகிறது. கல்லீரலைக் கெடுக்கும் கழிவுகள் அதில்தான் உண்டாகின்றன. எரியவில்லையே என்று சாதா மாத்திரையிலிருந்து அதே மில்லிகிராம் சஸ்டெய்ண்டு ரிலீஸுக்கு மாறிக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டினால் அபாயம் இன்னும் கூடும்.

இனி உங்கள் விஷயம். நல்ல கொழுப்பின் எண்ணை ஏற்றினால் இதயம் பிழைக்கும் என்ற நம்பிக்கையைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஸ்டாடின் (உங்கள் அடார்வாஸ்டாடின் போன்ற கொழுப்பு மாத்திரை) சாப்பிடும் 25,673 பேரைக் கிட்டத்தட்ட 4 வருடம் பின்தொடர்ந்தார்கள். நியாசினோடு எரிச்சலைக் குறைக்கும் மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு நல்ல கொழுப்பு ஏறியது. மாரடைப்பு, பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை. சர்க்கரை உள்ளவர்களில் கூடுதலானோருக்குச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனது, இல்லாதவர்களில் சிலருக்குப் புதிதாக வந்தது, ரத்தக்கசிவும் தொற்றும் கூடின. 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஸ்டாடினுடன் சேர்த்து நியாசின் கொடுப்பதற்கான ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சர்க்கரையும் ஸ்டாடினும் உள்ள உங்களுக்கு இதில் ஒரு லாபமும் எனக்குத் தெரியவில்லை. நிறுத்திவிடுங்கள், இந்த அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை.

உங்கள் ரிப்போர்ட்டில் கவலைப்பட வேண்டியது 34 அல்ல, 118. சர்க்கரை உள்ளவருக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழே, பல சமயம் 70-க்குக் கீழே இருக்க வேண்டும். அடார்வாஸ்டாடின் அளவைக் கூட்டுவதா, எஸெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்ப்பதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

வைட்டமினாக எவ்வளவு தேவை என்றால், நாளுக்கு சுமார் 14 முதல் 16 மி.கி. 30 கிராம் வேர்க்கடலையில் மட்டும் ஏறக்குறைய 4 மி.கி. கிடைக்கிறது, கோழி, சூரை மீனில் இன்னும் அதிகம். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் கூடுதல், நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்கள் அரிசிக்குள் இறங்கிவிடுவதால்.

ஸ்டாடின் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு, ட்ரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) மிக அதிகமான சிலருக்கு டாக்டரே நியாசின் எழுதுவதுண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன். 'எக்ஸ்டெண்டட் ரிலீஸ்' (சாதாவுக்கும் சஸ்டெய்ண்டு ரிலீஸுக்கும் இடைப்பட்ட வேகத்தில் கரைவது) மாத்திரை என்றால் இரவு படுக்கும்முன் 500 மி.கி.யில் தொடங்கி, 4 வாரத்துக்கு ஒருமுறை 500-க்கு மேல் கூட்டாமல் போக வேண்டும், உச்சம் 2000. உடைக்கவோ மெல்லவோ கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். வெறும் வயிற்றில் வேண்டாம். அந்த நேரத்தில் சூடான காப்பி, காரம், மது மூன்றும் எரிச்சலைக் கூட்டும். அரை மணி நேரம் முன்பு ஆஸ்பிரின் போட்டால் எரிச்சல் குறையும். அல்சரோ, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதையும் தொடாதீர்கள். நடுவில் சில நாள் விட்டுப்போனால் உடம்பு பழகியது போய்விடும். பழைய அளவிலேயே மறுபடி போடக் கூடாது. கல்லீரல் நோய், அல்சர் உள்ளவர்களுக்கு நியாசின் கூடாது. கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலி) உள்ளவர்களுக்கு யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்கலாம். கல்லீரல், சர்க்கரை, யூரிக் அமிலப் பரிசோதனைகளை ஆரம்பிக்கும் முன்பும், முதல் வருடம் 6 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும்.

பசியே இல்லை, குமட்டுகிறது, வலது விலாவுக்குக் கீழே வலி, சிறுநீர் டீ டிகாஷன் நிறம் என்றால் நியாசின் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். பி-காம்ப்ளெக்ஸ் போட்டால் வரும் பளிச் மஞ்சள் வேறு. அது ரிபோஃப்ளேவின் (பி2 வைட்டமின்) நிறம், பயமில்லை. திடீரென்று பார்வை மங்கினாலும், ஸ்டாடின் சாப்பிடுகிறவருக்குத் தசை வலித்தாலும் அப்படியே செய்யுங்கள்.

எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஓரிரு மாத்திரையோடு நின்றிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். சில வாரம் தொடர்ந்திருந்தால் சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி., கல்லீரல் பரிசோதனை மூன்றையும் எடுத்துக்கொண்டு, அந்த டப்பாவையும் கையோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள். எந்த வகை என்பது லேபிளைப் பார்த்தால்தான் தெரியும்.