இணையமும் உரிமமும் – கடிதம்

வணக்கம்.

தொழில்நுட்ப நிறுவனங்களை அரசு கட்டுப்படுத்தக் கூடாது என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. நம் தகவல்களை விற்றுக் காசாக்குகிறார்கள். பொய்ச்செய்தி பரவுவதைக் கண்டுகொள்வதில்லை. குழந்தைகளைத் திரையோடு கட்டிப்போடுகிறார்கள். இவர்களை அரசு தட்டிக்கேட்காவிட்டால் யார் கேட்பது? 'சந்தை பார்த்துக்கொள்ளும்' என்பது பெருமுதலாளிகளின் வாதம்தானே?

கே.

அன்புள்ள கே,

உங்கள் புகார்கள் எல்லாம் உண்மையானவை. கடைசி வரியில்தான் எனக்கு மாறுபாடு. அது பெருமுதலாளிகளின் வாதம் என்றால் அவர்கள் அதைச் சொல்லியிருக்க வேண்டும். 2019 மார்ச்சில் ஃபேஸ்புக்கின் மார்க் ஜக்கர்பெர்க் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் எழுதிய கட்டுரையில், இணையத்துக்குப் புதிய விதிகள் வேண்டும், அரசுகள் முன்வர வேண்டும் என்று கேட்டார். 2023 மே மாதம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மன் அமெரிக்க செனட் குழு முன்னால், ஓர் அளவுக்கு மேல் திறனுள்ள செயற்கை நுண்ணறிவுக்கு உரிமம் வழங்க ஓர் அமைப்பு வேண்டும் என்றார். முன்னணியில் இருப்பவரே தன் துறைக்கு உரிமம் கேட்கும்போது, அதனால் யாருக்கு லாபம் என்று நாம் யோசிக்க வேண்டும்.

பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1971லேயே இதை எழுதிவிட்டார். கட்டுப்பாடு என்பது பெரும்பாலும் அந்தத் தொழிலில் இருப்பவர்களே கேட்டுப் பெறுவது, அவர்கள் நலனுக்கேற்ப அமைவது என்றார். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. மீறினால் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். அன்றே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், சிகாகோ டிரிப்யூன் போன்ற நாளிதழ்களின் தளங்கள் ஐரோப்பிய வாசகர்களுக்குக் கதவடைத்தன. கூகுளும் ஃபேஸ்புக்கும் எங்கும் போகவில்லை. சட்டத்தைப் படித்துச் சொல்ல அவர்களிடம் வக்கீல் படையே உண்டு. ஐந்து பேர் சேர்ந்து செயலி எழுதும் இடத்தில் அந்த வேலையை யார் பார்ப்பது?

ஒரு பழைய வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹஷ்-எ-போன் என்றொரு பொருள் விற்பனைக்கு வந்தது. தொலைபேசியின் வாய்ப்பகுதியில் மாட்டும் கிண்ணம், அவ்வளவுதான். கம்பி இல்லை, மின்சாரம் இல்லை. நாம் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. தன் கருவியில் பிறர் பொருளை மாட்டக் கூடாது என்றது தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி. பொதுமக்களைக் காக்க வேண்டிய, அரசின் தகவல்தொடர்பு ஆணையமும் 1955இல் அந்த நிறுவனத்தின் பக்கமே நின்றது. 1956இல் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அந்தக் கிண்ணத்தைக் காப்பாற்றியது. நாட்டின் தொலைபேசிச் சேவையில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த நிறுவனம் ஒரு கிண்ணத்துக்குப் பயந்ததில் எனக்கு வியப்பில்லை. ஆணையமும் சேர்ந்து பயந்ததுதான் வேதனை.

அதே ஆணையம்தான் 1968இல் கார்ட்டர்ஃபோன் (வானொலிப் பேச்சுக் கருவியைத் தொலைபேசியோடு இணைக்கும் பொருள்) வழக்கில், வலையமைப்புக்குக் கேடு செய்யாத எந்தக் கருவியையும் இணைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. பின்னாளில், கணினியைத் தொலைபேசி வழியே வலையமைப்போடு இணைக்கும் மோடம் என்ற கருவியை, யார் தயாரித்ததானாலும், தொலைபேசி இணைப்பில் பொருத்த முடிந்ததற்கு அதுதான் தொடக்கம். 1985இல், மைக்ரோவேவ் அடுப்புகள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே தகவல்தொடர்புக்குப் பயன்படுத்த அனுமதித்தது. இன்றைய வைஃபை அங்கே வளர்ந்ததுதான். ஆமாம், இவையும் அரசின் ஆணைகளே. அதனால்தான் அரசே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. 'இந்த அளவைத் தாண்டாதே, மற்றபடி யாரிடமும் கேட்க வேண்டாம்' என்கிற விதியை வரவேற்கிறேன். 'முதலில் என்னிடம் அனுமதி வாங்கு' என்கிற விதியை எதிர்க்கிறேன்.

சரி, உங்கள் புகார்களுக்கு வருகிறேன். பகிர மாட்டோம் என்று வாக்களித்துவிட்டுத் தகவலை விற்றால் அது மோசடி. மோசடிக்கான சட்டத்தில் வழக்குப் போட்டுக் கடுமையாகத் தண்டிக்கட்டும். சந்தை எல்லாவற்றையும் தானே சரிசெய்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. ஆனால் எவ்வளவு பெரியவரும் சரியலாம். 2005இல் 58 கோடி டாலருக்கு விலைபோன மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம், 2011இல் சுமார் மூன்றரைக் கோடிக்குக் கைமாறியது. எந்த அரசும் அதை வீழ்த்தவில்லை. பயனர்கள் கிளம்பிப் போனார்கள்.

பொய்ச்செய்தி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எது பொய் என்று தீர்மானிக்கும் அலுவலகத்தை இன்று உங்களுக்குப் பிடித்த அரசு திறக்கலாம். நாளை உங்களுக்குப் பிடிக்காத அரசு அதே நாற்காலியில் உட்காரும்.

குழந்தைகள் பற்றிய கவலைதான் இவற்றில் மிகக் கடினமானது. எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் வயதுச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பயனர்களில் யார் குழந்தை, யார் பெரியவர் என்று கண்டுபிடிக்க, பெரியவர்களும் அடையாள அட்டையையோ முகத்தையோ காட்டியாக வேண்டும். அவற்றை வாங்கிப் பார்க்கப்போவது, நம் தகவலை விற்கிறார்கள் என்று நீங்கள் சொல்லும் அதே நிறுவனங்கள், அல்லது அவர்கள் அமர்த்தும் இன்னொரு நிறுவனம்.

அன்புடன்.