ஆளுக்கொரு டெப் கணினி: வாங்குவதா, விடுவதா?

விசுவமடுப் பக்கத்துப் பாடசாலையொன்றின் அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் தந்தையொருவர் கேட்கிறார்: “புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் தரம் 7 பிள்ளைகள் 35 பேருக்கும் டெப் கணினி தர முன்வந்திருக்கிறார்கள். இப்போதே வீட்டுவேலை வட்ஸ்அப்பில்தான் வருகிறது. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் என்னுடன் வயலுக்கு வந்துவிடும். இரவில் மகன் கூகிளில் விடையைத் தேடி எழுதிவிடுகிறான். இதற்குமேல் டெப்பும் வேண்டுமா?”

ஆளுக்கொன்றாக வாங்காதீர்கள், அதே பணத்தில் குறைந்த எண்ணிக்கையில் வாங்கி, பாடசாலையிலேயே பூட்டி வைத்து, குறித்த பாடவேளைகளில் மட்டும் எடுக்கும் ஒரு தொகுதியாகத் தரும்படி கேளுங்கள்.

பெரு நாட்டில் கிராமப்புறப் பாடசாலைகளுக்குப் பிள்ளைக்கொன்றாக மடிக்கணினி வழங்கினார்கள். 2012இல் வெளியான மதிப்பீடு, கணிதத்திலோ மொழியிலோ புள்ளிகள் உயர்ந்ததாகக் காணவில்லை. எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் கருவியை எடுப்பது என்று ஆசிரியருக்கே தெளிவில்லாதபோது, எண்ணிக்கை கூடுவதால் மட்டும் எதுவும் மாறாது. 15 வயது மாணவர்களின் திறனை நாடுகளிடையே ஒப்பிடும் பீசா ஆய்வின் 2022ஆம் ஆண்டு முடிவுகளிலோ, பாடசாலையில் நாளொன்றுக்கு ஒரு மணிநேரம்வரை கற்றலுக்காகக் கருவிகளைப் பயன்படுத்திய மாணவர்கள், அறவே பயன்படுத்தாதவர்களைவிடக் கணிதத்தில் சராசரியாக 14 புள்ளிகள் கூடப் பெற்றிருந்தார்கள். கருவிதான் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. அத்தகைய பாடசாலைகளில் வேறு பல அனுகூலங்களும் இருக்கலாம். ஆயினும் அளவோடு எடுத்தால் கெடுதி இல்லை என்று கொள்ளலாம். இதயத்தின் வால்வு திறந்து மூடுவதை வெண்கட்டியால் வரைந்து காட்டுவதைவிட அசையும் படத்தில் காட்டுவது நல்லது. சமன்பாடு தீர்ப்பதற்குக் கொப்பியும் பென்சிலும் போதும்.

உங்கள் உண்மையான சிக்கல் டெப் அல்ல, வட்ஸ்அப் வீட்டுவேலை என்றே நினைக்கிறேன். சரிவாக எடுத்த கரும்பலகைப் படம், அடிவரி பாதி வெட்டுப்பட்டு, இரவு எட்டு மணிக்கு வந்து சேர்கிறது. பிள்ளை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து 7ஐ 1 என்று எழுதிக்கொண்டு பிழையான கணக்கைச் சரியாகச் செய்து முடிக்கிறான். ரீலோட் போடக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் கிடைப்பதில்லை. மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பாகவே வீட்டுவேலையைப் பலகையில் எழுதிக் கொப்பியில் பதியவைக்கும்படி சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்; இதற்கு ஒரு சதமும் செலவில்லை. கூகிள் விடைக்கும் பரிகாரம் அங்கேதான் இருக்கிறது: விடைக்கு மட்டுமன்றிச் செய்கைவழிக்கும் புள்ளி இட்டால், பார்த்து எழுதுவதில் இலாபம் குறையும். வீட்டில் மகனிடம் போனை மூடிவைக்கச் சொல்லி, “இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய்?” என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவன் தடுமாறும் இடம் தானாகத் தெரியும்.

நன்கொடையாளர் பெரும்பாலும் யோசிக்காதது பராமரிப்பு. டெப் கணினிகளின் மின்கலங்கள் வெப்பத்தில் விரைவாக வலுவிழக்கும். ஓகஸ்ட் மாதத்துத் தகரக் கூரையும் புழுதியும் நமக்குத் தெரிந்தவைதானே. ஆகவே மின்னேற்ற வசதியுள்ள அலுமாரிக்கும் திருத்த வேலைக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கச் சொல்லுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை முன்கூட்டியே தரவிறக்கி வைத்தால், வகுப்பில் அவற்றைப் படிக்க டேட்டா தேவைப்படாது. செயலிகளைப் பாடசாலையின் பெயரில் பதியுங்கள். பிள்ளைகளின் படமோ பெற்றோரின் தொலைபேசி இலக்கமோ அதில் சேர வேண்டியதில்லை.

“நன்றி கெட்டவர்கள்” என்ற பேச்சு வருமோ என்று தயங்க வேண்டாம். மறுப்பாக எழுதாமல் திட்டமாக எழுதுங்கள்: எந்தப் பாடங்கள், வாரத்தில் எத்தனை பாடவேளை, சாவி யாரிடம், திருத்தத்துக்கு யார் பொறுப்பு. பாட ஆசிரியர்களுடன் இருந்து அந்த ஒரு பக்கத்தைத் தயாரித்து, அதிபரின் கையொப்பத்துடன் கருவிகள் வாங்கப்படுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.