பேச்சுரிமையும் சுதந்திரமான நீதித்துறையும் சாமானியனுக்குச் சோறு போடுமா?

இப்படிக் கேட்டிருக்கும் தாங்கள், எழுதியதற்காக வீட்டுக் கதவு தட்டப்பட்ட அனுபவம் இல்லாதவர் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

நான் மும்பையில் தையல் கடை வைத்திருப்பவன். 2012 நவம்பரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவையொட்டி நகரம் அடைக்கப்பட்டதைக் குறித்து முகநூலில் எழுதிய இளம்பெண்ணையும், அதற்கு விருப்பக்குறி இட்ட அவருடைய தோழியையும் மும்பைக்கு வடக்கே உள்ள பால்கரில் கைது செய்தார்கள். சில வாரங்கள் கழித்து, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகன், எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) பத்து நாளாகக் குடிநீர் வராததையும், ஓட்டுக் கேட்க வந்தவர் அதன்பின் எட்டிப் பார்க்காததையும் எழுதினான். மறுநாள் காலை விசாரணைக்கென்று அழைத்துப் போனார்கள். கடையைப் பூட்டிவிட்டு, காவல் நிலைய வாசல் பெஞ்சில் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தேன். "66ஏ போட்டால் மூன்று வருஷம்" என்றார் ஒருவர். அவர்களே மராத்தியில் எழுதி வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தில் அவன் கையெழுத்திட்டான். சாட்சியாக நானும் இட்டேன். ஒரு நாள் பிழைப்புப் போனது பெரிதல்ல. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவன் எதையுமே எழுதாமல் இருந்ததுதான் என் நெஞ்சை அறுத்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்த 66ஏ பிரிவு, பிறருக்கு எரிச்சலூட்டுவதையும் குற்றத்துக்குள் கொண்டுவரும் அளவுக்கு அகலமானது. நாடாளுமன்றம் அதை நீக்கவில்லை. ஆட்சி மாறிய பிறகும் அரசு அதைக் காக்கவே வாதாடியது. சட்ட மாணவி ஸ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹின்டன் நரிமனும் அதை முழுவதுமாக ரத்து செய்தார்கள். நீதிபதிகள் அரசின் முகம் பார்த்துத் தீர்ப்பெழுதும் நிலை இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அந்த நிலையையும் நாடு பார்த்திருக்கிறது. 1976இல், நெருக்கடி நிலையின்போது சிறை வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் கூற, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அடுத்த ஆண்டு பணியில் அவரைவிட இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட, கன்னா பதவி விலகினார்.

அவதூறுக்கு நான் வக்காலத்து வாங்குவதாகச் சிலர் சொல்லக்கூடும். அவதூறுக்கும் குற்றத்தைத் தூண்டும் பேச்சுக்கும் அரசியலமைப்பின் 19(2) பிரிவே வரம்பு கட்டியிருக்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. தண்ணீர் வரவில்லை என்பது எந்த வரம்பையும் மீறியதல்ல.

ரத்தான பிரிவின் கீழ் வழக்குகள் தொடர்ந்து பதியப்படுவதை அறிந்து 2021இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. அதனால்தான் தீர்ப்பு வெளிவந்த செய்தித்தாள் பக்கத்தைத் துணி வெட்டும் மேசைக்கு அடியில் இன்னும் வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லிக்கொண்டு மறுபடியும் வந்தால் எடுத்துக் காட்டுவதற்காக.